43 மெயிலும் ஒரு செக்குபந்தியும்

எங்க தெருவுல முதல் வக்கீல் என் அண்ணன் மகதான். வீட்டுல எல்லாருக்கும் அவ பாப்பா. இப்ப சென்னையில ஒரு சட்ட நிறுவனத்துல ட்ரெய்னியா சேர்ந்து வேலை பார்த்துக்கிட்டு இருக்கா. இந்த வாரம் உளுந்து அடிச்ச கதையை எழுதுறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும். எங்க சுத்துவட்டாரத்துல மட்டும் இப்ப நாலு புள்ளைங்க சட்டம் படிக்கிறாங்க. கடனை உடனை வாங்கிப் படிக்க வைக்க வீட்டுல உள்ளவங்களுக்குத் தெரியுது. படிச்சு முடிச்ச பிறகு எந்தக் கதவை எப்படித் தட்டணும்னு சொல்லத்தான் ஆள் கிடையாது. பாப்பா தட்டின விதத்தைப் பக்கத்துல இருந்து பார்த்தவன்ங்கிற முறையில இதை எழுதுறேன்.

என்ஜினியரிங் முடிச்சா கம்பெனி, பி.எட். முடிச்சா பள்ளிக்கூடம்னு ஊர்ல ஒரு கணக்கு உண்டு. சட்டத்துக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. பிளஸ் டூவுக்கு அப்புறம் அஞ்சு வருஷம் படிச்சு பட்டம் வாங்கின பிறகும் மூணு வாசல் இருக்கு. ஒண்ணு, பார் கவுன்சில்ல பதிவு பண்றது. ரெண்டு, அகில இந்திய பார் தேர்வு. நூறு கேள்வி, சட்டப் புத்தகத்தைக் குறிப்பு எதுவும் எழுதாம வெறுமனே கொண்டு போகலாம், தமிழ்லயும் எழுதலாம். இந்த ரெண்டுக்கும் விண்ணப்பம் இருக்கு, கட்டணம் இருக்கு, கடைசித் தேதி இருக்கு. மூணாவது வாசல்தான் சிக்கல். யாராவது ஒருத்தர்கிட்ட போய் உட்கார்ந்து தொழில் கத்துக்கணும். அந்த இடத்துக்கு தினத்தந்தியில விளம்பரம் வராது, ஹால் டிக்கெட் வராது, ரேங்க் லிஸ்ட் வராது.

அந்த மூணாவது வாசல்லயும் ரெண்டு வழி. கோர்ட்டுக்குப் போற சீனியர் வக்கீல்கிட்ட ஜூனியரா சேர்றது ஒரு வழி. கட்டைத் தூக்கிக்கிட்டுப் பின்னால போகணும், வாய்தா வாங்கணும், மனு தயார் பண்ணணும். இன்னொண்ணு, லா ஃபர்ம்னு சொல்ற சட்ட நிறுவனம். கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதுறது, நிலத்துப் பத்திரம் சரி பார்க்கிறது, வரி விவகாரம், பெரிய வழக்குன்னு பல வேலை ஒரே கூரைக்குக் கீழ நடக்கும். அங்க புதுசா வர்றவங்களை எடுத்த எடுப்புல ட்ரெய்னின்னு வைப்பாங்க. அசோசியேட்னு வைக்கிற இடமும் உண்டு. மாசா மாசம் பணம் வரும். அண்ணன் வீட்டு நிலைமையில மாசா மாசம் வர்ற பணம் பெரிய விஷயம். அதனால பாப்பா ரெண்டாவது வழியைப் பார்த்தா.

அந்த வழிக்கான ஓட்டம் பட்டத்துக்கு அப்புறம் தொடங்குறது இல்லைன்னு அவளுக்கு மூணாவது வருஷத்துலதான் தெரிய வந்தது. பெரிய நிறுவனங்கள் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குப் போய், படிப்பு முடியறதுக்கு முன்னாடியே ஆள் எடுத்துடுது. நம்ம மாநிலத்துல திருச்சியில அப்படி ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள போக கிளாட் எழுதணும். இங்கிலீஷ்லதான் தேர்வு. விண்ணப்பக் கட்டணமே பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய். உள்ள போனா வருஷக் கட்டணம் லட்சக் கணக்குல. வசதி இல்லாத புள்ளைங்களை அந்தத் தேர்வுக்குத் தயார் பண்ண ஷம்நாத் பஷீர்னு ஒரு சட்டப் பேராசிரியர் 2010ல ஐடியாங்கிற அமைப்பைத் தொடங்கினார். பாப்பா பிளஸ் டூ முடிச்சது 2019ல. கிளாட்டும் தெரியாது, அந்த அமைப்பும் தெரியாது. பிளஸ் டூ மார்க்கை வச்சு திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில இடம் கிடைச்சது. தினமும் பஸ். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்.

அரசுக் கல்லூரியில படிக்கிறவங்களுக்கு நிறுவனத்துக்குள்ள நுழைய இருக்குற வழி இன்டர்ன்ஷிப்தான். அஞ்சு வருஷப் படிப்புல மொத்தம் 20 வாரமாவது இன்டர்ன்ஷிப் பண்ணியிருக்கணும்னு பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவோட 2008ம் வருஷ விதி சொல்லுது. மூணு வருஷப் படிப்புக்கு 12 வாரம். ஒரே வருஷத்துல தொடர்ச்சியா நாலு வாரத்துக்கு மேல போகக் கூடாது. வக்கீல், நீதிமன்றம், தொண்டு நிறுவனம், சட்ட நிறுவனம், உள்ளாட்சின்னு எங்க வேணா பண்ணலாம். ஆனா ஒரு தடவையாவது வழக்கு நடத்துற வக்கீல்கிட்ட இருந்திருக்கணும். விதி நல்ல விதி. இடம் பிடிச்சுக் கொடுக்கிறது யாருன்னு மட்டும் அதுல இல்லை.

கொரோனா வருஷத்துல ஆன்லைன்ல ஒண்ணு பண்ணினா. வீட்டுல சிக்னல் இல்லாம கண்மாய்க் கரையில வேப்பமரத்தடியில லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. ஆடு மேய்க்கிறவங்க வந்து எட்டிப் பார்த்துட்டுப் போவாங்க. அடுத்த வருஷம் சங்கரன்கோவில் கோர்ட்டுல பிராக்டிஸ் பண்ற ஒரு வக்கீலம்மாகிட்ட நாலு வாரம் இருந்தா. அதுக்கு அப்புறம்தான் சென்னை நிறுவனங்களுக்கு மெயில் அனுப்ப ஆரம்பிச்சா.

ஒரு நீள நோட்டு. கோடு போட்டு நாலு பத்தி: நிறுவனம், ஊர், அனுப்பின தேதி, பதில். 43 வரி ஆச்சு. பதில் பத்தியில ஆறு வரிதான் நிரம்பியிருந்தது. அதுல நாலு, மெஷினே அனுப்புற நன்றிக் கடிதம். ஒண்ணு, இடம் இல்லை. இன்னொண்ணு, இதுக்கு முன்னாடி எந்த நிறுவனத்துல இன்டர்ன்ஷிப் பண்ணீங்கன்னு கேட்டு வந்தது.

“முதல் நிறுவனம் கிடைக்கணும்னா இதுக்கு முன்னாடி ஒரு நிறுவனம் இருந்திருக்கணுமாம் சித்தப்பா. அப்ப அந்த முன்னாடி நிறுவனத்துக்கு என்னத்தக் காட்டுறது?”

விதைக்கிறதுக்கு முந்தியே அறுவடையைக் காட்டுன்னு சொன்ன மாதிரி. இந்த முடிச்சை அவுக்கிறது அப்பா, மாமா, குடும்ப நண்பர்னு யாராவது ஒருத்தரோட ஒரு போன். வக்கீல் வீட்டுப் புள்ளைக்கு முதல் வருஷ லீவுலயே ஒரு சான்றிதழ் கைக்கு வந்துடுது. ரெண்டாவது வருஷம் அதைக் காட்டி இன்னொண்ணு. நாலாவது வருஷத்துல வரிசையா அஞ்சாறு பேர் சேர்ந்துடும். அந்தப் புள்ளைங்க உழைக்கலைன்னு நான் சொல்ல வரல. உழைப்பைத் தொடங்க அவங்களுக்கு ஒரு இடம் இருந்தது, அவ்வளவுதான்.

பாப்பா அந்த நோட்டையும், அனுப்பின பயோடேட்டாவையும் எடுத்துக்கிட்டு வக்கீலம்மாவைப் பார்க்கப் போனா. பைக்ல கூட்டிக்கிட்டுப் போனது நான்தான். அந்தம்மா படிச்சுப் பார்த்துட்டு சிரிச்சாங்க. சவாலான பணிச்சூழலைத் தேடும் துடிப்பான மாணவின்னு இங்கிலீஷ்ல முதல் வரி. இன்டர்நெட்ல கிடைச்ச மாதிரியைப் பார்த்து எழுதினது.

“இது யாரும்மா? எனக்குத் தெரிஞ்ச புள்ளை மாதிரி இல்லையே. என் ஆபீஸ்ல உட்கார்ந்து 1960ம் வருஷப் பத்திரத்தைத் தடவித் தடவிப் படிச்சியே, அந்தப் புள்ளை இதுல எங்க இருக்கு?”

அப்புறம் ஒரு மணி நேரம் கேள்வி மேல கேள்வி. ஊர்ல யாருக்கு என்ன மனு எழுதிக் கொடுத்தே? பட்டா மாறுதலுக்கு எத்தனை பேருக்கு அப்ளிகேஷன் போட்டே? கண்மாய் ஆக்கிரமிப்புக்குத் தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டியே, பதில் வந்ததா? சட்டப் பணிகள் ஆணைக்குழு முகாம்ல என்ன வேலை பார்த்தே? பாப்பா சொல்லச் சொல்ல அந்தம்மா ஒரு பழைய கேஸ் கட்டுத் தாளுக்குப் பின்பக்கம் எழுதிக்கிட்டே வந்தாங்க. முடிவுல ஒரு பக்கம் நிறைஞ்சது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பின தகவல் உரிமை மனுவெல்லாம் பயோடேட்டாவுல எழுதுற விஷயம்னு அவளுக்கு அதுவரைக்கும் யாரும் சொன்னது இல்லை. ஊர்ல அது ஒத்தாசை. அந்தத் தாள்ல அது அனுபவம்.

அந்தம்மா சொன்ன மத்த யோசனைகளையும் சொல்லிடுறேன், யாருக்காவது உதவும். ஒரே மெயிலை நாற்பது பேருக்கும் அனுப்பக் கூடாது. பெறுநர் பகுதியில மத்த நிறுவனங்களோட முகவரியும் தெரியுற மாதிரி அனுப்பினா அதோட கதை முடிஞ்சது. நிறுவனத்தோட பொது முகவரிக்குப் போற மெயிலை யார் திறக்குறாங்கன்னே தெரியாது. நம்மளுக்கு விருப்பமான வேலையை அங்க எந்த வக்கீல் பார்க்கிறார்னு தேடிப் பிடிச்சு, அவர் பேருக்கு எழுதணும். தலைப்புலயே எந்த மாசம், எத்தனை வாரம், எந்த வருஷ மாணவின்னு வந்துடணும். கடிதம் கால் பக்கம் போதும். உங்க நிறுவனம் இந்த வேலை பார்க்குது, எனக்கு அதுல இது தெரியும், இன்ன தேதியில இருந்து வர முடியும். முடிஞ்சது. பயோடேட்டா ஒரே பக்கம், பி.டி.எஃப். ஃபைல். ஃபைலுக்குப் பேர் வைக்கும்போது தன் பேரையே வைக்கணும், நியூ ஃபைனல் டூ-ன்னு வைக்கக் கூடாது. பத்து நாள்ல பதில் வரலைன்னா ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம். அதுக்கு மேல வேண்டாம்.

இந்தத் தடவை பதினொரு மெயில்தான் அனுப்பினா. மூணு இடத்துல இருந்து மனுஷங்க எழுதின பதில் வந்தது. ஒரு இடம் 2023 மே மாசம் நாலு வாரத்துக்கு வரச் சொல்லுச்சு.

கதவு திறந்தா அடுத்தது வாடகை. இன்டர்ன்ஷிப்புக்கு அந்த இடத்துல காசு கிடையாது. பல இடத்துல கிடையாது. லேடீஸ் ஹாஸ்டல், சாப்பாடு, பஸ், ரயில், ரெண்டு செட் வெள்ளைச் சட்டை கருப்பு பேன்ட், ஒரு ஷூ. அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்தார். 13,000 ரூபாய்க்கு மேல வந்தது. அந்த வருஷம் உளுந்துக்கு அரசு அறிவிச்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 6,600 ரூபாய். எங்க கரிசல்ல மானாவாரியா ஏக்கருக்கு மூணு குவிண்டால் வந்தா அது நல்ல வருஷம். அதாவது சென்னையில நாலு வாரம் சும்மா வேலை பார்க்க, ஏக்கர்ல மூணுல ரெண்டு பங்கு உளுந்து போகணும். அதுலயும் உழவு, விதை, களை எடுப்புக் கூலியெல்லாம் கழிக்காத கணக்கு. கூலியில்லாத இன்டர்ன்ஷிப் சட்டத்துறையில சகஜம்னு சொல்றவங்களுக்கு இந்தக் கணக்கு தெரிஞ்சிருக்க நியாயம் இல்லை. அவங்க புள்ளை ராத்திரி வீட்டுல வந்து சாப்பிட்டுப் படுத்துக்குது.

அண்ணன் ஒண்ணும் பேசல. ரெண்டு மூட்டையை முன்னாடியே வித்தார். பாப்பா பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏறினா.

நாலு வாரம் முடிஞ்சு சான்றிதழ் கொடுத்தாங்க. வேலை நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க. வேலைக்கு எடுக்கிறதைப் பத்தி அப்புறம் சொல்றோம்னாங்க. அந்த அப்புறம் வரவே இல்லை. ஆனா நோட்டுல இருந்த முடிச்சு அவுந்துடுச்சு. அடுத்து எழுதும்போது முன்னாடி எந்த நிறுவனம்ங்கிற கேள்விக்குப் பதில் இருந்தது.

2024ல படிப்பு முடிஞ்சது. அந்த வருஷம் இந்தத் தொழிலுக்குப் புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு நல்ல சேதி வந்தது. ஜூன் மாசம் சென்னை உயர்நீதிமன்றம், ஜூனியர் வக்கீல்களுக்கு மாசம் குறைஞ்சபட்சம் சென்னை, மதுரை, கோவையில 20,000 ரூபாயும் மத்த மாவட்டங்கள்ல 15,000 ரூபாயும் கிடைக்க வழி பண்ணணும்னு தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்குச் சொல்லுச்சு. ஜூலை 30ம் தேதி உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணமா 1961ம் வருஷ வழக்கறிஞர் சட்டத்துல இருக்குற தொகைக்கு மேல மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாதுன்னு தீர்ப்பு கொடுத்தது. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். அதுக்கு முன்னாடி நாட்டுல பல இடத்துல ஆயிரக் கணக்குல வாங்கிக்கிட்டு இருந்தாங்க. அக்டோபர்ல பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவும் நகரத்துல 20,000, கிராமப்புறத்துல 15,000 கொடுக்கலாம்னு ஒரு சுற்றறிக்கை விட்டது. அது யோசனைதான், கட்டாயம் கிடையாது.

பதிவுக் கட்டணம் உடனே குறைஞ்சது கண்ணுக்குத் தெரிஞ்சது. மாசச் சம்பள விஷயம் அப்படி இல்லை. “அந்த ஆர்டரை பிரிண்ட் எடுத்துக்கிட்டு சீனியர் முன்னாடி போய் நிக்க முடியுமா சித்தப்பா?”ன்னு பாப்பா கேட்டா. சங்கரன்கோவில், தென்காசிப் பக்கம் பல ஆபீஸ்ல ஜூனியருக்குக் கிடைக்கிறது பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும்தான். சீனியரும் பாவம், கட்சிக்காரன் ஃபீஸ் தராம இழுத்தடிக்கிறான்னு அவரும் ஒரு கணக்கு வச்சிருக்கார்.

அதனால மறுபடியும் நிறுவனங்களுக்கு எழுதினா, இந்தத் தடவை ட்ரெய்னி இடத்துக்கு. நிலப் பத்திர வேலை பார்க்கிற நிறுவனங்களை மட்டும் பொறுக்கி எடுத்தா. அதுல ஒண்ணு நேர்ல கூப்பிட்டுச்சு. பெரிய கட்டடம் இல்லை, மொத்தமே இருபது பேர் இருக்குற ஆபீஸ்.

நேர்காணல்ல ரெண்டு பேர். முதல் கேள்வி, அப்பா என்ன பண்றார். விவசாயம்னு சொன்னா. அடுத்து, இங்கிலீஷ்ல ஒரு பத்தி எழுதச் சொன்னாங்க. சுமாரா எழுதினேன்னு அவளே சொன்னா. மூணாவதா ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கையில கொடுத்து, அரை மணி நேரம் பார்த்துட்டு இதுல என்ன குறைன்னு சொல்லுன்னாங்க. தென்மாவட்டத்துல ஒரு கம்பெனி வாங்கப் பார்க்கிற நிலம். 1992ல பதிஞ்ச பாகப்பிரிவினைப் பத்திரம். தகப்பனார் 1990ல காலமாயிட்டார், பூர்வீகச் சொத்தை மூணு அண்ணன் தம்பிகள் பங்கு வச்சிருக்காங்க. வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்கு சுத்தம். பட்டா மூணு பேர் பேர்லயும் தனித்தனியா மாறியிருக்கு. பார்த்தா குறையே தெரியாது.

பாப்பா முதல்ல படிச்சது செக்குபந்தியை. நிலத்துக்கு நாலு பக்கமும் யார் யார் நிலம் இருக்குன்னு எழுதுவாங்களே, அதுதான். எல்லாப் பத்திரத்துலயும் இருக்குற சமாச்சாரம். டவுன்ல வளர்ந்தவங்க கண்ணு அதைத் தாண்டி ஓடிடும். எங்க ஊர்ல ஒரு பத்திரத்தை எடுத்தா முதல்ல கேக்குறதே “வடக்க யாருது, கிழக்க யாருது”ன்னுதான். சர்வே நம்பர் ஞாபகம் இல்லாத கிழவிக்கும் நாலு எல்லை ஞாபகம் இருக்கும். அந்தப் பத்திரத்துல ரெண்டாவது அயிட்டத்துக்கு வடக்கு எல்லையா, நம் சகோதரிக்குச் சீதனமாக விட்ட நிலம்னு ஒரு வரி இருந்தது.

சகோதரின்னு ஒருத்தி இருக்கா. பத்திரத்துல அவ கையெழுத்து எங்க?

இதைச் சொன்னதும் எதிர்ல இருந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்களாம். அப்புறம் முழு விவரத்தையும் அவங்களே சொன்னாங்க. ரெண்டு சகோதரிகள். மூத்தவங்களுக்கு 1980ல கல்யாணம், இளையவங்களுக்கு 1991ல. 2005ம் வருஷச் சட்டத் திருத்தம், 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி பதிஞ்ச பாகப்பிரிவினையைத் தொடாதுன்னு சொல்லுதே, அப்ப இந்தப் பத்திரம் தப்பிச்சிடும்தானேன்னு கேட்டாங்க.

பாப்பா சொன்ன பதிலை எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதுறேன். அந்த விலக்கு 2005ம் வருஷ மத்தியத் திருத்தத்துக்கு. தமிழ்நாடு அதுக்கு முன்னாடியே தனியா சட்டம் போட்டாச்சு. 1989 மார்ச் 25ல இருந்து, அன்னிக்குக் கல்யாணம் ஆகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்துல மகனுக்குச் சமமான பங்கு. இளைய சகோதரிக்கு அன்னிக்குக் கல்யாணம் ஆகல. அதனால 1992ல பங்கு வைக்கும்போது அவங்களும் ஒரு பங்குதாரர். மூத்தவங்களுக்கு அந்த உரிமை அப்ப இல்லை. ஆனா 1990ல காலமான தகப்பனாரோட சொந்தப் பங்குல 1956ம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அவங்களும் வாரிசு. சீதனம் கொடுத்தாச்சுங்கிறது ஊர் சமாதானம். சட்டத்துல பாத்தியதை போகணும்னா விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிஞ்சிருக்கணும்.

மறு வாரம் மெயில் வந்தது. ட்ரெய்னி இடம், மாசம் 18,000 ரூபாய். நீதிமன்றம் சொன்ன தொகைக்கு 2,000 குறைச்சல்தான். அண்ணன் அந்த மெயிலைப் படிக்கச் சொல்லி ரெண்டு தடவை கேட்டார்.

அந்தப் பணத்துக்குச் சம்பளம்னு பேர் கிடையாதாம். பதிவு பண்ணின வக்கீல் முழு நேரச் சம்பளக்காரரா இருக்கக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதி இருக்கு. அதனால ஃபீஸ்னு சொல்லி, வரி 10 சதவீதம் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைத் தர்றாங்க. வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ணித்தான் பிடிச்சதைத் திரும்ப வாங்கணும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இல்லை. ட்ரெய்னியா சேரப் போற புள்ளைங்க இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிஞ்சுக்கிறது நல்லது. கைக்கு எவ்வளவு வரும்னு கேக்குறது மரியாதைக் குறைவு ஆகாது.

ஊர்ல என்ன பேச்சுன்னா, “கோர்ட்டுக்கே போகலையாமே, அப்புறம் என்ன வக்கீலு?” டீக்கடையில என்கிட்டயே கேட்டாங்க. எனக்கு அது பெருசா தெரியல. வேற ஒண்ணுதான் உறுத்துச்சு. அந்த நிறுவனத்துக்கு வர்ற வேலையில பாதி, எங்க பக்கம் சோலாருக்கும் காத்தாலைக்கும் நிலம் வாங்குற கம்பெனிகளோடது. உளுந்து வித்துப் படிச்ச புள்ளை, உளுந்து விளையுற நிலத்தைக் கம்பெனிக்கு வாங்கிக் கொடுக்கிற வேலையில போய் உட்காருதேன்னு இருந்தது. தீபாவளிக்கு வந்தப்ப கேட்டே விட்டேன்.

அவ கோபப்படல. “விக்கிறதும் வாங்குறதும் நான் சொல்லி நடக்கப் போறது இல்ல சித்தப்பா. பத்திரத்தை ஒழுங்காப் பார்க்காம வாங்கினா யாருக்கு நட்டம்னு நினைக்கிய? கம்பெனி எப்படியும் கேஸ் போட்டுச் சமாளிச்சுக்கும். கையெழுத்து கேக்காம விட்ட அந்த ரெண்டு அத்தைமாருக்குத்தான் போச்சு. நான் குறைன்னு எழுதினா, கம்பெனி அவங்க வீட்டு வாசலுக்குப் போய் நின்னுதான் ஆகணும்.”

அந்தப் பதில்ல நான் முழுசா சமாதானம் ஆயிட்டேன்னு சொல்ல மாட்டேன். மேற்க வரிசையா நிக்கிற கண்ணாடிப் பலகையைப் பார்க்கும்போது இப்பவும் மனசு ஒரு மாதிரிதான் இருக்கு. ஆனா நேர்காணல்ல கேட்ட அந்த நிலத்துல என்ன ஆச்சுன்னு கேட்டேன். சகோதரிகள் ரெண்டு பேரையும் தேடிப் பிடிச்சு, அவங்களுக்கும் பணம் பேசி, கையெழுத்து வாங்கின பிறகுதான் கிரயம் ஆச்சாம். முப்பது வருஷத்துக்கு அப்புறம் அவங்க வாசலுக்கு ஒருத்தர் வந்து, உங்களுக்கும் பங்கு இருக்குன்னு சொல்லியிருக்கார்.

இதைப் படிக்கிறவங்கள்ல சென்னையிலயும் கோவையிலயும் மதுரையிலயும் இருக்குறவங்க அதிகம். சில பேர் வக்கீலாவும் இருக்கலாம், வக்கீலைத் தெரிஞ்சவங்களா இருக்கலாம். உங்களுக்கு ஒரு மெயில் வரும். பழக்கமில்லாத ஊர், பழக்கமில்லாத கல்லூரி, இங்கிலீஷ் கொஞ்சம் தட்டும். அதைத் திறந்து கடைசி வரைக்கும் படிங்க. இடம் இல்லைன்னா இல்லைன்னு ஒரு வரி எழுதுங்க. நோட்டுல அந்த வரியை நிரப்பிட்டு அடுத்த இடம் பார்ப்பாங்க. வீட்டுல ஒரு ரூம் சும்மா கிடந்தா நாலு வாரம் ஒரு புள்ளைக்குக் கொடுங்க. அந்த நாலு வாரத்துக்கு எங்க பக்கம் ரெண்டு குவிண்டால் உளுந்து செலவாகுது.

பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன் இப்ப மூணாவது வருஷம். பயோடேட்டா எழுதி பாப்பாவுக்கு அனுப்பியிருக்கான். முதல் வரியில துடிப்பான மாணவன்னு எழுதியிருந்தானாம். அதை அடிச்சுட்டு, “உங்க ஊர்ல யாருக்கு என்ன மனு எழுதிக் கொடுத்தே?”ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கா.